ஒரே படியை நம்பாதீர்கள்

சிறையில் இருந்தபடி எழுதியவர்களைப் பற்றிப் பேச்சு வந்தால் ‘என்ன நெஞ்சுரம்!’ என்று வியந்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நெஞ்சுரம் இருந்தும் எழுதியதைப் பறிகொடுத்தவர்கள் ஏராளம். எழுத்து எப்படித் தப்பியது என்று கேட்க வேண்டும்.

நம் பக்கத்து நாடான இந்தோனேசியாவின் எழுத்தாளர் பிரமூதியா அனந்த தூரை எடுத்துக்கொள்வோம். 1965இல் ஜகார்த்தாவில் அவரைப் பிடித்துச் சென்றபோது வீட்டிலிருந்த நூல்களும் கையெழுத்துப் படிகளும் நாசமாயின. வேறு படி இல்லாதவை அதோடு போயின. 1969இல் கைதிகளை அடைத்து வைத்த புரு தீவுக்கு அனுப்பினார்கள். அங்கே எழுதத் தடை. 1973இல் ‘பூமி மனுசியா’ கதையைச் சக கைதிகளுக்கு வாயால் சொல்ல ஆரம்பித்தார். கேட்டவர் ஒவ்வொருவரும் ஒரு படி ஆனார். சோதனை போட்டாலும் தலைக்குள் இருப்பதைப் பறிமுதல் செய்ய முடியாதே! தாளும் தட்டச்சுப் பொறியும் பிறகுதான் கிடைத்தன. 1980இல் நூல் வந்தது, மறு ஆண்டே தடையும் வந்தது. அதற்குள் அது பலர் கைக்குப் போய்விட்டது.

சோவியத் முகாமில் இரினா ரத்துஷின்ஸ்கயா தீக்குச்சியால் சோப்புக் கட்டியில் கவிதையைக் கீறுவார், மனப்பாடம் ஆனதும் கை கழுவுவார். தடயம் தண்ணீரோடு போய்விடும். சோப்பில் நாவல் எழுத முடியாது. கென்யாவின் கூகி வா தியாங்கோ 1978இல் சிறைக் கழிப்பறைத் தாளில் நாவல் எழுதினார். முரட்டுத் தாள் என்பதால் பேனா கிழிக்கவில்லை. ஆனால் எல்லாம் ஒரே கட்டு. சோதனையில் காவலர்கள் அதை எடுத்துப் போனார்கள். திரும்பக் கிடைத்தது அதிர்ஷ்டம், அதை நம்பி யாரும் திட்டம் போட முடியாது.

நாடு கடந்தவர்களுக்குச் சிக்கல் வேறு. புதுச்சேரியில் பாரதிக்குத் தாள் இருந்தது, அச்சகம் இருந்தது. வாசகர்கள் எல்லைக்கு அப்பால் இருந்தார்கள். பிரிட்டிஷ் இந்தியாவுக்குள் இதழ் நுழையக் கூடாது என்றதும் 1910இல் ‘இந்தியா’ நின்றது.

சிங்கப்பூருக்கு வருவோம். நாடகாசிரியர் குவோ பாவ் குன் 1976 முதல் 1980 வரை, விசாரணையின்றி அடைத்து வைக்க இடம் தரும் உள்நாட்டுப் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் அடைபட்டிருந்தார். 1977இல் குடியுரிமையும் பறிபோனது. 1988இல் அவர் மேடையேற்றிய பன்மொழி நாடகத்தில் ஹொக்கியென் பேசும் அம்மாவும் தமிழ் பேசும் முதியவரும் தொலைந்த பூனைகளைப் பற்றிச் சைகையால் பேசிக்கொள்வார்கள். பயிலரங்கில் நடிகர்களோடு சேர்ந்து உருவான படைப்பு அது. அதனாலேயே அது ஒருவர் தலையில் மட்டும் இல்லை.

சிங்கப்பூர் நாடகாசிரியர் இளங்கோவனின் ‘தலாக்’ நாடகம் தமிழில் மேடையேறியது. 2000இல் மலாய், ஆங்கில வடிவங்களுக்கு உரிமம் மறுக்கப்பட்டது. இங்கேதான் நம் நாடகக் குழுக்கள் கவனிக்க வேண்டும். மேடையேற்றத்தான் அந்த உரிமம் வேண்டும், பிரதியை நூலாக்க அது தேவையில்லை. நூலாக்கினால், வெளியான 4 வாரத்துக்குள் 2 படிகளைத் தேசிய நூலக வாரியத்திடம் ஒப்படைக்க வேண்டும் என்பது சட்டம். இதைச் சுமையாக நினைப்பது பெரிய தவறு. ஐம்பது ஆண்டு கழித்துத் தேடுகிறவருக்கு அந்த இரண்டு படிகள் போதும்.

வசனத்தை மட்டும் அச்சிட்டால் பாதி நாடகம் போய்விடும். ஒத்திகையில் மாறிய வரிகள், ஒளி ஒலிக் குறிப்பு, யார் எங்கே நின்றார்கள் என்பதெல்லாம் மேடை மேலாளரின் கோப்பில்தான் இருக்கும். கடைசிக் காட்சி முடிந்த இரவே அதை வாங்கிப் படியெடுங்கள். மறுவாரம் கேட்டால் கிடைக்காது.