பின்பாட்டுப் பாட ஆள் வேண்டும்

ஒருவர் தானே எழுதி, தானே மெட்டுப் போட்ட பாட்டை முதல் தடவையாக நாலு பேர் முன்னால் பாடி முடிக்கிறார். அடுத்த சில விநாடிகளில் அந்த நாலு பேரும் என்ன செய்கிறார்கள் என்பதை வைத்துத்தான் அவர் இன்னொரு பாட்டு எழுதுவாரா, நோட்டை மூடி அலமாரிக்குள் வைத்துவிடுவாரா என்பது முடிவாகிறது. குரல், ஞானம், பயிற்சி எல்லாம் அப்புறம்தான்.

நம்மவர்களிடம் அந்த நேரத்தில் வருவது பெரும்பாலும் இரண்டு பதில்கள். ஒன்று, "சூப்பர்". இன்னொன்று, "சுருதி கொஞ்சம் சேரலையே". முதல் பதிலைச் சொன்னவர் பாட்டைக் காதில் வாங்கவே இல்லை என்பது பாடியவருக்கு உடனே தெரிந்துவிடும். இரண்டாவது பதில் சொன்னவர் கேட்டிருக்கிறார், ஆனால் பிழை எங்கே வரும் என்று காத்திருந்து கேட்டிருக்கிறார். இரண்டுமே பாடியவரைத் தனியாக விட்டுவிடுகின்றன.

நான் காரைக்காலில் பிறந்தவள். கல்யாணமாகி இந்தியப் பெருங்கடலில் பிரான்ஸ் நாட்டுக்குச் சொந்தமான ரெயூனியோன் தீவுக்கு வந்து இங்கேயே தங்கிவிட்டேன். வார நாட்களில் சேன் தெனியில் ஒரு அலுவலகத்தில் கணக்கு வேலை. சனிக்கிழமை மாலையானால் சேன் ஆந்த்ரேயில் ஒரு வீட்டுத் திண்ணைக்குப் போய்விடுவேன். அங்கே வருகிறவர்கள் யாருக்கும் இசை தொழில் இல்லை. பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டும் அண்ணன் ஒருவர், பணி ஓய்வு பெற்ற டீச்சர், விடியும் முன்பே ரொட்டிக் கடை வேலைக்குப் போகும் ஒரு பெண், கல்லூரிப் பையன்கள் சிலர். பாதிப்பேர் இங்கே மலபார் என்று அழைக்கப்படும் தமிழ் வம்சாவளிக்காரர்கள். மற்றவர்களில் மடகாஸ்கர், ஆப்பிரிக்கா, பிரான்ஸ் எல்லாம் கலந்திருக்கிறது. பேச்சு இந்தத் தீவின் மொழியான கிரியோலில், பாட்டு அவரவருக்கு வருகிற மொழியில்.

இந்தத் தீவில் பாட்டு என்றால் எனக்கு மலோயாதான். கரும்புத் தோட்டங்களில் அடிமைகளாக இருந்த ஆப்பிரிக்க, மடகாஸ்கர் மக்களிடமிருந்து வந்த இசை. அப்புறம் கூலி ஒப்பந்தத்தில் வந்த நம்மவர்களும் அதில் கலந்தார்கள். மரப்பீப்பாய்க்கு மாட்டுத்தோல் கட்டி, அதன் மேலேயே ஏறி உட்கார்ந்து இரண்டு கையாலும் அடிப்பது ரூலேர். கரும்புப் பூவின் தண்டுகளை வரிசையாகக் கட்டி, உள்ளே கல்வாழை விதையைப் போட்டுக் குலுக்குவது காயாம்ப். வாத்தியத்தையே தோட்டத்திலிருந்து எடுத்துக்கொண்ட ஜனங்கள். டானியேல் வாரோ மாதிரி உலகம் சுற்றிய பாடகர்கூடத் தன் வாத்தியங்களைத் தானே செய்கிறவர்.

ஆனால் நான் சொல்ல வந்தது வாத்தியத்தைப் பற்றி இல்லை, பாடும் முறையைப் பற்றி. மலோயாவில் ஒருவர் ஒரு வரி எடுப்பார். சுற்றி இருப்பவர்கள் அதைத் திருப்பிப் பாட வேண்டும். அவர்கள் பாடாவிட்டால் அடுத்த வரி கிடையாது, பாட்டு அங்கேயே நின்றுவிடும். கபார் என்று சொல்கிற கூட்டத்தில் இதை நேரில் பார்க்கலாம். டிசம்பர் 20, அடிமை ஒழிப்பு நாள். 1848-ல் அந்த நாளில்தான் இங்கே அடிமைகளுக்கு விடுதலை கிடைத்தது. அன்று இரவு தீவு முழுக்க கபார் நடக்கும். ஓரமாக நின்று வேடிக்கை பார்க்க வந்தவர்கூடக் கொஞ்ச நேரத்தில் பின்பாட்டில் சேர்ந்துவிடுவார். பின்பாட்டில் சில காலம் இருந்தவருக்கு ஒருநாள் தானே ஒரு வரி எடுக்கத் தோன்றும். எடுத்தால் மற்றவர்கள் பிடித்துக்கொள்வார்கள். அரங்கேற்றம், அழைப்பிதழ் எதுவும் வேண்டாம்.

விமர்சனமும் அங்கே உண்டு. புது வரி நாக்கில் ஒட்டாவிட்டால் பின்பாட்டு தடுமாறும், சத்தம் குறையும். பாடுகிறவருக்கு அது போதும். அடுத்த முறை அந்த வரியைச் சுருக்கிக்கொண்டு வருவார். யாரும் அவரை உட்கார வைத்துப் பாடம் நடத்தவில்லை. அவரோடு சேர்ந்து பாட முயன்றார்கள், அவ்வளவுதான். ஒரு பாட்டைத் திருத்துவதற்கு இதைவிட மரியாதையான வழியை நான் இன்னும் பார்க்கவில்லை.

இந்த இசைக்கு நல்ல காலம் எளிதில் வந்துவிடவில்லை. அரசும் வானொலியும் 1981 வரை மலோயாவை ஒதுக்கியே வைத்திருந்தன. கம்யூனிஸ்ட் கட்சி ஆட்களின் பாட்டு என்ற சந்தேகம் வேறு. ஃபிர்மான் விரி என்ற கரும்புத் தொழிலாளியின் பாட்டுகள் 1976-ல் இசைத்தட்டாக வெளிவந்ததும் அந்தக் கட்சியின் முயற்சியால்தான். சேன் பெனுவா ஊரைச் சேர்ந்த கிரான்மூன் லெலே சர்க்கரை ஆலையில் உழைத்தவர். மலோயாவோடு நம் மலபார் சடங்குகளிலும் ஊறியவர். அவருடைய முதல் தொகுப்பு வந்தபோது வயது அறுபதைத் தாண்டியிருந்தது. அதுவரை அவரைப் பாட வைத்தது யார்? கைதட்டிய அரங்கமோ, பரிசுக் கோப்பையோ இல்லை. மனைவி, மக்கள், பக்கத்து வீட்டுக்காரர்கள். அவர்கள்தான் பின்பாட்டு. 2009-ல் யுனெஸ்கோ தன் பண்பாட்டு மரபுப் பட்டியலில் மலோயாவைச் சேர்த்தது. அதற்கு முன்னால் இருந்த நீண்ட காலம் முழுவதும் இப்படி வீட்டு முற்றங்களில் காப்பாற்றப்பட்டதுதான்.

இதெல்லாம் நமக்குப் புதிதா என்ன? வில்லுப்பாட்டில் அண்ணாவி ஒரு வரி சொன்னதும் பக்கத்தில் இருப்பவர் "ஆமா" போடுவார். அந்த "ஆமா" இல்லாமல் வில்லுப்பாட்டை நினைத்துப் பாருங்கள், கதை நகராது. கூத்தில் கட்டியங்காரனுக்கும் ராஜாவுக்கும் பின்னால் பின்பாட்டுக்காரர்கள் நிற்கிறார்கள். பஜனையில் ஒருவர் முன்னால் சொல்ல எல்லோரும் வாங்கிப் பாடுகிறோம். கச்சேரியில்கூட, பாடுகிறவர் போட்ட சங்கதியை வயலின்காரர் பிடித்துத் திருப்பித் தரும் அந்த நிமிடத்தில் இருவர் முகத்திலும் ஒரு சிரிப்பு வரும். அதைப் பார்க்கவே நான் கச்சேரிக்குப் போவேன். நம்மவர்கள் இங்கே கப்பலில் வந்தபோது கூத்தையும் கூடவே கொண்டுவந்தார்கள். விடிய விடிய மகாபாரதக் கதை பாடி ஆடும் பால் தமூல் என்ற வடிவத்தில் அது இந்தத் தீவில் தங்கியது. வாத்தியார் புத்தகத்தைப் பார்த்துப் பாட, மற்றவர்கள் வாங்கிப் பாடுவார்கள்.

நம் கையிலிருந்த இந்தப் பழக்கம் எப்படியோ நழுவிக்கொண்டிருக்கிறது. தொலைக்காட்சிப் பாட்டுப் போட்டிகளுக்கு இதில் பெரிய பங்கு இருக்கிறது என்று நினைக்கிறேன். ஏழு வயதுக் குழந்தை பாடி முடித்ததும் பெரியவர்கள் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து மார்க் போடுவதைப் பார்த்துப் பார்த்து, வீட்டுக் கூடத்தில் யாராவது பாடினாலும் நாமும் நடுவர்களாகிவிடுகிறோம். அடுத்தது, சொந்தமாகப் பாட்டு எழுதுவதே அதிகப்பிரசங்கித்தனம் என்ற எண்ணம். சினிமாப் பாட்டைப் பாடினால் ரசிக்கிறோம். "இது நானே எழுதினது" என்று ஒருவர் ஆரம்பித்தால் ஒரு சங்கடம் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஏன்? பாட்டு எழுதுவது பெரியவர்களுக்கு மட்டுமே உரியது என்றால், தாலாட்டையும் ஒப்பாரியையும் நடவுப் பாட்டையும் இட்டுக்கட்டிப் பாடிய நம் பாட்டிமார்கள் யார்?

இன்னொன்றையும் சொல்லியே ஆக வேண்டும், இது என்னைக் கோபப்படுத்துகிற விஷயம். பிரிட்டிஷ் இந்திய அரசு 1882-ல் இந்தத் தீவுக்கு ஆள் அனுப்புவதை நிறுத்தியது. பெரும்பாலான குடும்பங்களில் வீட்டுப் பேச்சாகத் தமிழ் எப்போதோ போய்விட்டது. ஆனாலும் கோயிலில் தமிழில் பாடுகிறார்கள். ரோமன் எழுத்தில் எழுதி வைத்துக்கொண்டு, அர்த்தம் பாதி தெரிந்தும் தெரியாமலும், மனம் உருகிப் பாடுகிறார்கள். ஒரு கோயில் விழாவில் ஒரு தாத்தா அப்படிப் பாடிக்கொண்டிருந்தபோது, இந்தியாவிலிருந்து வந்திருந்த சிலர் அவருடைய ழகரத்தைக் கேட்டு வாய்விட்டுச் சிரித்தார்கள். தாத்தா பாட்டை நிறுத்தவில்லை. அவருக்குப் பக்கத்தில் தாளம் போட்டுக்கொண்டிருந்த பேரன் நிறுத்திவிட்டான். அந்தப் பையன் அதற்குப் பிறகு தமிழில் வாய் திறந்து நான் கேட்டதில்லை. உச்சரிப்பைச் சொல்லித் தரலாம், அதற்கு ஒரு நேரம் இருக்கிறது. பாடுகிறவர் பாடிக்கொண்டிருக்கும் நேரம் அது இல்லை.

பாட்டு எழுதுகிறவர்களுக்கு நண்பர்கள் என்ன செய்ய முடியும், எது முடியாது என்பதை யோசிக்கும்போதெல்லாம் எனக்கு அலேன் பீட்டர்ஸ் நினைவுக்கு வருவார். 1952-ல் பிறந்தவர், இந்தத் தீவு தந்த மிக நுட்பமான பாட்டுக் கவிஞர் என்று நான் சொல்வேன். இளம் வயதில் மின்கிதார் குழுக்களில் வாசித்தவர். பிறகு மலோயா பக்கம் திரும்பி, கிரியோலில் மெல்லிய, ஆழமான பாட்டுகளை எழுதினார். குடி அவரை விடவில்லை. லோய் எர்லிக் என்ற இசை நண்பர் ஆப்பிரிக்காவிலிருந்து கொண்டுவந்த தக்கம்பா என்ற நரம்பு வாத்தியம் அவர் கைக்கு வந்தது. அதை மடியில் வைத்துக்கொண்டு அவர் பாடிய பாட்டுகள் இன்றும் கேட்கப்படுகின்றன. நண்பர்கள் ஒலிநாடாவில் பதிவு செய்தார்கள். 1995-ல், நாற்பத்து மூன்று வயதில் அவர் போய்விட்டார். சிதறிக் கிடந்த பதிவுகள் 1998-ல் குறுந்தகடாக வந்தன. அந்த வெளியீட்டு நிறுவனத்துக்குப் பெயரே தக்கம்பா.

நண்பர்களால் அவரைக் குடியிலிருந்து மீட்க முடியவில்லை. நட்பு எல்லாவற்றையும் சரி செய்துவிடும் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் ஒருவர் ஒரு வாத்தியத்தைக் கொண்டுவந்தார், இன்னொருவர் பதிவுக் கருவியோடு பக்கத்தில் உட்கார்ந்தார். அதனால் இன்று ரெயூனியோனின் இளைஞர்கள் கிதாரை எடுத்ததும் பாடிப் பார்க்கிற பாட்டுகள் இருக்கின்றன. இது சின்ன உதவியா?

ஸிஸ்காகான் குழுவின் கதை இதைவிடச் சந்தோஷமானது. தமிழ் வம்சாவளியைச் சேர்ந்த ஜில்பேர் புனியா 1979-ல் நண்பர்களோடு தொடங்கியது. கவிஞர்கள் எழுதிக் கொடுத்தார்கள், அவர் மெட்டுப் போட்டுப் பாடினார். எழுதிக் கொடுத்தவர்களில் கார்ப்பனின் மரிமுத்துவும் ஒருவர். பெயரைக் கேட்டாலே நம் வீட்டுப் பிள்ளை என்று தெரியும். எழுதத் தெரிந்தவருக்குப் பாட வராது, பாட வருகிறவருக்குச் சொல் அமையாது. இருவரும் ஒரே திண்ணையில் உட்கார்ந்தால்தான் பாட்டு.

எங்கள் திண்ணைக்கு வருகிறேன். ரொட்டிக் கடைப் பெண் எழுதும் கிரியோல் பாட்டுகள் எனக்கு மிகவும் பிடிக்கும். விடியற்காலை மூன்று மணித் தெருவைப் பற்றி ஒரு பாட்டு எழுதியிருந்தாள். முதல் தடவை பாடியபோது குரல் நடுங்கியது. சுதி அவளுக்கு உயரம். டீச்சர் ஒன்றும் சொல்லாமல் கிதாரில் இரண்டு கட்டை இறக்கி, "இன்னொரு தடவை பாடும்மா" என்று மட்டும் சொன்னார். அவ்வளவுதான், குரல் வீட்டுக்கு வந்துவிட்டது. பல வாரம் கழித்து, எல்லோரும் அந்தப் பாட்டை மனப்பாடமாகப் பாடத் தொடங்கிய பிறகுதான், மூன்றாவது சரணத்தில் அவள் எழுதியிருந்த ஒரு வரி பிறர் சோகத்தைக் கடன் வாங்கியதுபோல இருக்கிறது என்று ஒரு பையன் சொன்னான். அவள் கோபித்துக்கொள்ளவில்லை. தன் பாட்டை இத்தனை தடவை பாடியவன் சொல்கிறான் என்பது அவளுக்குத் தெரியும். கண்டிப்பாகப் பேசும் உரிமை இப்படித்தான் கிடைக்கிறது. முதலில் கூடப் பாட வேண்டும்.

எனக்கு நடந்ததையும் சொல்கிறேன். காரைக்கால் கடற்கரையைப் பற்றித் தமிழில் ஒரு பல்லவியும் ஒரு சரணமும் எழுதியிருந்தேன். ஒரு சனிக்கிழமை பாடினேன். பேருந்து ஓட்டும் அண்ணன் ரூலேரில் மெல்லத் தட்டிக்கொண்டிருந்தார். அவருக்குத் தமிழ் தெரியாது. கோயில் பாட்டுகளில் வரும் சொற்கள் மட்டும் தெரியும். அடுத்த வாரம் நான் உள்ளே நுழையும்போது அவர் பல்லவியைப் பாடிக்கொண்டே பீப்பாயை உருட்டிக்கொண்டு வந்தார். சொற்கள் கொஞ்சம் உருமாறி இருந்தன, மெட்டு அப்படியே இருந்தது. பாடி நிறுத்திவிட்டு, "இரண்டாவது சரணம் எங்கே?" என்று கேட்டார். இரண்டாவது சரணம் இல்லவே இல்லை. அவர் கேட்டதால் அந்த வாரமே எழுதினேன். அலுவலகத்தில் மதியச் சாப்பாட்டு நேரத்தில், கணக்குத் தாளின் பின்பக்கத்தில். எனக்கு இதுவரை கிடைத்த பாராட்டுகளில் அந்தக் கேள்விக்கு நிகராக எதுவும் இல்லை.

ஆகவே நண்பர்களே, உங்கள் வீட்டிலோ அலுவலகத்திலோ யாராவது தயங்கித் தயங்கி ஒரு சொந்தப் பாட்டைப் பாடினால், கருத்துச் சொல்ல அவசரப்படாதீர்கள். பல்லவியைத் திருப்பிப் பாடிப் பாருங்கள். ஒரு வாரம் கழித்து அவரைப் பார்க்கும்போது அந்தப் பாட்டில் ஒரு வரியை ஞாபகம் வைத்துக் கேளுங்கள். தாளம் மட்டும் வருமென்றால் தாளம் போடுங்கள். சும்மா கிடக்கும் கிதாரோ ஆர்மோனியமோ இருந்தால் கொடுத்து உதவுங்கள். இரவு நேரமானால் வீட்டில் கொண்டுபோய் விடுங்கள். பெண்கள் பலர் பாட்டை விடுவது குரல் போய் அல்ல, வீடு திரும்ப வண்டி இல்லாமல்.

ரெயூனியோனில் இருக்கும் தமிழர்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. சனிக்கிழமை மாலை நாங்கள் கூடுகிறோம். இடம் கேட்பவர்களுக்குத் தனிச் செய்தியில் அனுப்புகிறேன். தமிழில் எழுதி வைத்த பாட்டு ஏதாவது இருந்தால் எடுத்துக்கொண்டு வாருங்கள், பாதியில் நின்றது என்றாலும் சரி. ழகரம் வராத குழந்தைகளையும் அழைத்து வாருங்கள். பின்பாட்டுக்கு நாங்கள் இருக்கிறோம்.