கட்டைவிரலுக்கு என்ன அர்த்தம்?

பக்கம் பக்கமாக எழுதி அனுப்பினால், பதிலுக்கு ஒரு கட்டைவிரல் படம் மட்டும் வருகிறது. எனக்கு வயிறு எரிகிறது!

நாங்கள் இணையத்தில் பழகியவர்கள். ஒருத்தி டொராண்டோ, ஒருத்தி மதுரை, நான் சிங்கப்பூரில் ஈசூன். நேரில் பார்த்துக்கொண்டதே இல்லை. எங்களுக்குள் இருப்பதெல்லாம் அன்றாடக் கதைதான். தேக்கா சந்தையில் முருங்கைக்கீரை வாங்கியது, மூங்கில் கழியில் காயப்போட்ட துணி மழையில் நனைந்தது, மேல்வீட்டில் தரையை உடைக்கிற சத்தம் என்று எம்ஆர்டி ரயிலில் நின்றுகொண்டே ஒரு கையால் தட்டுகிறேன்.

நேர வித்தியாசம் வேறு படுத்துகிறது. 1982ஆம் ஆண்டு பிறந்தபோது சிங்கப்பூர் கடிகாரத்தை அரை மணி முன்னே தள்ளியதிலிருந்து நாம் இந்தியாவுக்கு இரண்டரை மணி நேரம் முந்தி. டொராண்டோவுக்குக் கோடையில் 12 மணி, குளிர்காலத்தில் 13. அங்கே அவள் காலைக் காப்பி குடிக்கும்போது இங்கே எனக்குக் கண் சொக்கும். அப்படியும் முழித்திருந்து, "அக்கா, அம்மாவுக்கு முட்டிவலி எப்படி இருக்கு? ஸ்கேன் ரிப்போர்ட் வந்துச்சா?" என்று கேட்கிறேன். கட்டைவிரல்!

வந்ததா, வரவில்லையா? வலி குறைந்ததா, கூடியதா? அந்த அம்மாவை நினைத்து இங்கே ஒருத்தி தூங்காமல் கிடக்கிறாளே.

மதுரைக்காரி எவ்வளவோ தேவலை. குழாயில் தண்ணீர் வந்ததா, மல்லிகை என்ன விலை, எல்லாம் எழுதுவாள்.

அக்கா, நாலு வார்த்தை எழுதுங்கள். டாக்டர் என்ன சொன்னார்?