பஞ்சர் ஒட்டப் பள்ளியிலேயே சொல்லிக்கொடுங்கள்

வேலைக்கு சைக்கிளில் போகிறேன் என்றால் எல்லோரும் வெயிலைப் பற்றியும் டிராஃபிக்கைப் பற்றியும்தான் கேட்கிறார்கள். இரண்டும் பழகிவிடும். ஆசையாக வாங்கிய சைக்கிளை மாடிப்படிக்கு அடியில் முடக்கிப் போடுவது பஞ்சர்தான்.

சென்னையில் பஞ்சர் கடைக்குப் பஞ்சமில்லை. ஆனால் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு போய் நின்றால் "பைக் மட்டும்தான் சார்" என்கிறார்கள். அவர்கள்மேல் எனக்குக் கோபமில்லை. பைக்கின் டியூப்லெஸ் டயருக்குச் சக்கரத்தைக் கழற்றாமலே வேலை முடிந்துவிடும். சைக்கிளுக்கு டியூபை உருவி, காற்றடித்து, தண்ணீரில் அமுக்கி, குமிழி வரும் இடத்தைத் தேட வேண்டும். கூலியோ குறைவு.

சாலையும் நமக்கு எதிராகத்தான் இருக்கிறது. வண்டிகள் ஓட ஓட, கண்ணாடித் துண்டு, ஆணி, லாரி டயர் வெடித்துச் சிதறிய கம்பி எல்லாம் இடது ஓரத்தில் ஒதுங்குகின்றன. சைக்கிளுக்கு மிச்சம் இருப்பதும் அந்த ஓரம்தான். அதைப் பெருக்கிச் சுத்தமாக வைத்தாலே பாதி பஞ்சர் குறையும் என்பது என் எண்ணம்.

அதனால் நாமே கற்றுக்கொள்வதுதான் வழி. காற்று இறங்கினாலே பஞ்சர் என்று பயப்பட வேண்டாம். சாதாரண சைக்கிளில், வால்வுக்குள் இருக்கும் சின்ன ரப்பர் குழாயான வால் டியூப் காய்ந்து வெடித்திருந்தாலும் இறங்கும். வால்வில் கொஞ்சம் எச்சில் தொட்டு வைத்தால் குமிழி காட்டிக்கொடுத்துவிடும். டியூபில் அருகருகே இரண்டு ஓட்டை இருந்தால் முள்ளைத் தேடாதீர்கள். காற்று குறைவாக இருந்து, பள்ளத்தில் இறங்கும்போது ரிம் டியூபை நசுக்கியிருக்கிறது. எவ்வளவு காற்று வேண்டும் என்பது டயரின் பக்கவாட்டிலேயே அச்சாகியிருக்கும்.

ஒட்டும்போது அவசரம் கூடாது. உப்புத்தாளால் தேய்த்து, சொல்யூஷன் தடவி, அது காய்ந்து பிசுபிசுப்பாகும்வரை காத்திருந்துதான் பேட்ச்சை அழுத்த வேண்டும். அப்புறம், டயரின் உட்புறத்தைப் பார்க்காமல் டியூபைத் திரும்பப் போடவே கூடாது. மயிரிழை போன்ற கம்பி கண்ணுக்குத் தெரியாது. பழைய துணியால் உள்ளே சுற்றித் துடையுங்கள். நூல் மாட்டும் இடத்தில் அது இருக்கும்.

அரசு பதினோராம் வகுப்புப் பிள்ளைகளுக்கு விலையில்லா சைக்கிள் தருகிறது. மனதாரப் பாராட்ட வேண்டிய திட்டம். அதோடு பள்ளிக்கு ஒரு பம்பும் பஞ்சர் ஒட்டும் சாமான்களும் வைத்து, ஒரு பி.டி. பீரியடில் இதைச் செய்துகாட்டலாம். கடையே இல்லாத ஊர்ச் சாலையில், பொழுது சாயும் நேரத்தில், ஒரு பெண் பிள்ளை சைக்கிளைத் தள்ளிக்கொண்டே வீடுவரை நடக்க வேண்டியிருக்காது.