லவ்டேல் மணிக்கூண்டும் எழும்பூர் மணலும்

ஒவ்வொரு கோடையிலும் உதகைக்குப் போய்வரும் நண்பர்களின் பதிவுகளில் லவ்டேல் லாரன்ஸ் பள்ளியின் படம் ஒன்றாவது இருக்கும். பனி மூட்டத்துக்கு மேலே எழும் மணிக்கூண்டு, கூர்வளைவுகள், நீண்ட தாழ்வாரங்கள், கீழே "வெள்ளைக்காரன் கட்டினால் கட்டினதுதான்" என்றொரு பாராட்டு. கட்டடத்தைப் பாராட்டுவதில் எனக்கு மறுப்பில்லை. அந்தப் பள்ளியின் கதையைக் கல்லை மட்டும் வைத்துப் படிக்கிறோம் என்பதுதான் என் குறை. அதன் வேர்களில் ஒன்று மலையில் இல்லை, எழும்பூரில் இருக்கிறது. அது ஊன்றியிருப்பதும் மணலில்.

1789ஆம் ஆண்டு, கிழக்கிந்தியக் கம்பெனியின் ஐரோப்பியப் படைவீரர்கள் விட்டுச்சென்ற ஆண் பிள்ளைகளுக்காகச் சென்னையில் ஓர் இல்லம் தொடங்கப்பட்டது. பலருக்குத் தாய் இந்தியப் பெண். அன்றைய ஆங்கிலத்தில் இத்தகைய இல்லங்களை 'அசைலம்' என்றே அழைத்தார்கள். இன்று அச்சொல்லைக் கேட்டவுடன் நமக்குத் தோன்றும் மனநல மருத்துவமனை என்ற பொருள் அதற்கு இல்லை; புகலிடம் என்பதே பொருள். எழும்பூரின் பழைய கோட்டையில், ஏறத்தாழ இன்று ரயில் நிலையம் நிற்கும் பகுதியில், அது நடந்தது. அதன் பொறுப்பை ஏற்றவர் ஸ்காட்லாந்தைச் சேர்ந்த பாதிரியார் ஆண்ட்ரூ பெல்.

பெல் ஒரு நாள் குதிரையில் செல்லும்போது, தரையில் உட்கார்ந்து விரலால் மணலில் எழுதிப் பழகும் பிள்ளைகளைக் கண்டார். அதை அவர் மலபார் பள்ளி என்று குறிப்பிடுகிறார்; அக்கால ஆங்கிலேயர் தமிழரையும் 'மலபாரிகள்' என்றே எழுதியதை நினைவில் கொண்டால் அது எந்தப் பள்ளி என்பது விளங்கும். காகிதமும் மையும் செலவில்லாத அந்த முறையைத் தம் இல்லத்திலும் நடத்தச் சொன்னார். அரிச்சுவடி வகுப்பின் ஆசிரியர் அது ஆகாத காரியம் என்று ஒதுங்கிக்கொள்ளவே, ஜான் ஃபிரிஸ்கன் என்ற எட்டு வயது மாணவனிடம் அந்த வகுப்பை ஒப்படைத்தார். சிறுவன் சிறுவர்களுக்குச் சொல்லிக்கொடுத்தான், பலன் கிடைத்தது. நாளடைவில் மூத்த மாணவர்கள் இளையவர்களுக்குக் கற்பிப்பதே அப்பள்ளி முழுவதற்குமான ஏற்பாடாயிற்று. 1796இல் ஊர் திரும்பிய பெல் அடுத்த ஆண்டே இதைப் பற்றிய நூலை லண்டனில் வெளியிட்டார். ஏழைப் பிள்ளைகளுக்குக் குறைந்த செலவில் எழுத்தறிவு தரும் வழியைத் தேடிக்கொண்டிருந்த இங்கிலாந்தில் அது 'மெட்ராஸ் முறை' என்ற பெயரோடு பரவியது.

இங்கே நியாயமாகப் பேச வேண்டும். மணலைத் தமிழ்ப் பள்ளியில் கண்டதைப் பெல் மறைக்கவில்லை. ஆனால் மாணவரே மாணவருக்குக் கற்பிக்கும் ஏற்பாடு தம் சொந்தக் கண்டுபிடிப்பு என்றே கருதினார். திண்ணைப் பள்ளியின் சட்டாம்பிள்ளையை அறிந்த நமக்கு அது கொஞ்சம் வேடிக்கையாகத்தான் இருக்கும். வாத்தியார் இல்லாத நேரத்தில் ஏடு பிடித்து முறை சொல்லிக்கொடுத்தவன் அவன்தானே. அதற்கும் வெகுகாலம் முன்பே, 1623இல், கன்னட நாட்டில் பயணம் செய்த இத்தாலியரான பியத்ரோ தெல்லா வல்லே, நான்கு சிறுவர்கள் ஆசிரியர் இல்லாமலே மணலில் எழுதி ஒருவருக்கொருவர் கணக்குப் படித்ததை வியந்து எழுதியிருக்கிறார். பெல் இதையெல்லாம் அறிந்துகொண்டே எடுத்தாண்டார் என்று நான் சொல்லவில்லை. முறை இந்த மண்ணில் இருந்தது, அவர் இந்த மண்ணில் வாழ்ந்தார் என்பதோடு நிறுத்திக்கொள்கிறேன்.

இனி மலைக்கு வருவோம். 1857 கிளர்ச்சியின்போது, முற்றுகைக்குள்ளான லக்னோவில் இறந்த ஆங்கிலேய அதிகாரி ஹென்றி லாரன்ஸின் பெயரால் அடுத்த ஆண்டு உதகையில் ஓர் இல்லம் தொடங்கப்பட்டது. ஆங்கிலேயப் படைவீரர்களின் பிள்ளைகளைச் சமவெளியின் வெயிலிலிருந்தும் பாசறை வாழ்க்கையிலிருந்தும் பிரித்து வளர்ப்பது அதன் நோக்கம். லவ்டேலில் அதற்குரிய கட்டடத்தை வடிவமைத்தவர் கட்டடக் கலைஞர் ராபர்ட் சிஸம். பாணி இத்தாலிய கோதிக். உதகைக்கு ரயில் வந்தது 1908இல்தான் என்பதால், கீழிருந்து வேண்டியிருந்த பொருள் ஒவ்வொன்றும் மலைப்பாதையில் ஏற்றப்பட்டே வந்திருக்க வேண்டும். இதே சிஸம்தான் பின்னர் சேப்பாக்கத்தில் சென்னைப் பல்கலைக்கழகத்தின் செனட் இல்லத்தைக் கட்டியபோது, இந்திய, இஸ்லாமியக் கூறுகளை ஐரோப்பிய அமைப்போடு கலக்கும் இந்தோ-சாரசெனிக் பாணிக்கு மாறி, குவிமாடங்களையும் வண்ண வேலைப்பாட்டையும் தாராளமாகக் கையாண்டார். இந்தியர் பட்டம் பெறும் மண்டபத்துக்கு இந்தியச் சாயல், ஐரோப்பியப் பிள்ளைகள் வளரும் இடத்துக்கு ஐரோப்பா. இடையில் சில ஆண்டுகள் கழிந்து அவருடைய ரசனையும் மாறியிருக்கலாம். ஆயினும் இந்த வேறுபாட்டைத் தற்செயல் என்று என்னால் எளிதில் விட முடியவில்லை. பிள்ளைகளை ஊரிலிருந்து விலக்குவதற்காக எழுந்த கட்டடம், ஊரை நினைவூட்டாமல் இருப்பதில் என்ன வியப்பு?

1870களின் தொடக்கத்தில் எழும்பூர் இல்லத்துப் பிள்ளைகள் லவ்டேலுக்கு மாற்றப்பட்டு, இரு நிறுவனங்களும் ஒன்றாயின. தெருவோரத் திண்ணையிடம் கடன் வாங்கிய பள்ளி மணிக்கூண்டின் கீழ் குடியேறிய கதை இதுதான்.

திண்ணைகளுக்கு என்ன ஆயிற்று? ஆளுநர் தாமஸ் மன்றோ 1822இல் கணக்கெடுக்க உத்தரவிட்டு, 1826இல் எழுதிய குறிப்பின்படி, சென்னை மாகாணத்தில் 12,498 பள்ளிகள் இருந்தன. அன்றைய மக்கள்தொகைக்கு ஏறத்தாழ ஆயிரம் பேருக்கு ஒன்று. இவற்றைப் பொற்காலம் என்று கொண்டாடவும் நான் தயாரில்லை. அங்கே பெண் பிள்ளைகள் மிகச் சிலரே. தீண்டாமைக்கு ஆளாக்கப்பட்டவர்களின் பிள்ளைகளுக்குத் திண்ணை எட்டாத உயரம்தான். ஆனால் அரசு அவற்றின் வாசலை அகலமாக்கும் வழியில் போகவில்லை. மணலும் மனனமும் பழம்போக்கு என்று இங்கே இகழப்பட்ட அதே நூற்றாண்டில், இங்கிலாந்தின் ஏழைப் பள்ளிகளில் மணல் தட்டில் விரல் வைத்து எழுதிக்கொண்டிருந்தார்கள்.

பெல் 1832இல் இறந்தார். வெஸ்ட்மின்ஸ்டர் மடத்தில் அடக்கம் செய்யப்பட்டார். அவர் விட்டுச்சென்ற பணத்தில் அவருடைய சொந்த ஊரான செயிண்ட் ஆண்ட்ரூஸில் எழுந்த பள்ளிக்கு 'மெட்ராஸ் காலேஜ்' என்று பெயர் வைத்தார்கள். நாம் மெட்ராஸைச் சென்னை என்று மாற்றிய பிறகும், அங்கே பிள்ளைகள் அந்தப் பெயரில்தான் படித்து வருகிறார்கள்.