பிரின்சிப் சாண்ட்விச் வாங்கப் போகவில்லை

1914 ஜூன் 28 அன்று போஸ்னியாவின் சரயேவோ நகரில் காவ்ரிலோ பிரின்சிப் என்ற போஸ்னிய செர்பிய இளைஞர் சாண்ட்விச் வாங்கக் கடைக்குப் போனார், தற்செயலாக ஆஸ்திரிய இளவரசர் ஃபிரான்ஸ் ஃபெர்டினாண்டின் கார் எதிரே வந்து நின்றது, அவரைச் சுட்டுக் கொன்றார், முதல் உலகப்போர் மூண்டது என்று ஒரு நண்பர் சொல்லியிருக்கிறார். சுவையான கதைதான், நானும் ஒரு காலத்தில் நம்பியிருக்கிறேன். ஆனால் அப்படி நடக்கவில்லை.

இளவரசரின் ஊர்வலப் பாதை முன்கூட்டியே செய்தித்தாளில் வெளியாகியிருந்தது. லத்தீன் பாலத்தருகே வலப்பக்கம் திரும்ப வேண்டும் என்பது அந்தப் பாதையிலேயே உள்ளது. காலையில் கூட்டாளி வீசிய குண்டு குறி தவறியதும் பிரின்சிப் அந்த முனைக்கு வந்து காத்து நின்றார். அங்கே ஷில்லர் என்பவரின் கடை இருந்தது உண்மை, சாண்ட்விச் அதிலிருந்து முளைத்திருக்கலாம். தற்செயல் என்றால் ஒன்றுதான்: குண்டுவீச்சுக்கு அப்புறம் இளவரசர் தரப்பினர் அங்கே திரும்பாமல் நேராகப் போக முடிவெடுத்தார்கள், அதை ஓட்டுநரிடம் யாரும் சொல்லவில்லை. அவர் பழைய பாதைப்படி திரும்பிவிட்டு, உடன் வந்தவர் தவறு என்று கத்தியதும் வண்டியை நிறுத்தினார்.

சரிபார்ப்பது எளிது. 1914 அக்டோபரில் நடந்த வழக்கு விசாரணையின் பதிவு ஆங்கில மொழிபெயர்ப்பில் கிடைக்கிறது. பிரின்சிப்பின் வாக்குமூலத்தைப் படித்துப் பாருங்கள், எங்கே ஏன் நின்றார் என்று அவரே சொல்கிறார். சாப்பாட்டுப் பேச்சே அதில் இல்லை.