அந்த 75 சதவீதத்தைப் பதினொன்றாம் வகுப்பிலேயே சொல்லியிருக்கலாமே

நம் கன்னியாகுமரி மாவட்டத்தில் சனிக்கிழமை நடந்த பாராட்டு விழா வீடியோ எல்லாருடைய வாட்ஸ்அப்பிலும் சுற்றிவிட்டது, அதனால் என்ன நடந்தது என்று திரும்ப எழுதவில்லை. என்ஐடி போன்ற பொறியியல் கல்லூரிகளுக்கான ஜேஇஇ மெயின் நுழைவுத் தேர்வில் 97 பெர்சென்டைல் வாங்கி, பிளஸ் டூவில் மார்க் குறைந்துபோன பையனை மேடைக்குக் கூப்பிட்டு, சால்வையைக் கையில் வைத்துக்கொண்டே, "பிளஸ் டூ மார்க் எவ்வளவு தம்பி, அதையும் மைக்கில் சொல்லு" என்று கேட்டவருக்கும், அதற்கு முன்வரிசையில் இருந்து சிரித்தவர்களுக்கும்தான் இந்தப் பதிவு.

பிளஸ் டூ மார்க் குறைந்தால் சில கல்லூரிகளில் இடம் கிடைக்காது. அவ்வளவுதான். அதை வைத்து இன்னொரு தேர்வில் அவன் வாங்கியதைச் சந்தேகப்பட யாருக்கும் உரிமை கிடையாது. 14 லட்சத்துக்கும் மேற்பட்ட பிள்ளைகள் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்து எழுதுகிற தேர்வு அது. 97 பெர்சென்டைல் என்றால் எழுதியவர்களில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு பேர் அவன் அளவிலோ அதற்குக் கீழேயோ இருக்கிறார்கள். அதை யாரும் அவனுக்குத் தூக்கிக் கொடுக்கவில்லை.

விழாவில் சிரித்தவர்களில் எத்தனை பேருக்கு ஐஐடி, என்ஐடியில் சேரப் பிளஸ் டூவில் கேட்கிற அந்த 75 சதவீதத்தை எப்படிக் கணக்குப் போடுவது என்று தெரியும்? முதலில் அதைப் பார்ப்போம்.

ஐஐடி, என்ஐடி இரண்டுக்கும் சேர்த்து நடக்கிற ஜோசா கவுன்சலிங்கில் கேட்பது பிளஸ் டூவில் 75 சதவீதம். எஸ்சி, எஸ்டி, மாற்றுத்திறனாளி பிள்ளைகளுக்கு 65. நம் ஊரில் நிறைய பெற்றோர் "நாங்க பிசி, எங்களுக்கும் குறைப்பு உண்டு" என்று நினைக்கிறார்கள். ஓபிசிக்கு ரேங்க் பட்டியல் தனி, இட ஒதுக்கீடு தனி. ஆனால் இந்த 75இல் சலுகை இல்லை.

அடுத்தது, இந்தக் கணக்கு 600க்கு அல்ல, 500க்கு. இயற்பியல், வேதியியல், கணிதம், மொழிப்பாடம் ஒன்று, மீதியில் மார்க் அதிகமான பாடம் ஒன்று. தமிழ், இங்கிலீஷ் இரண்டில் எது கூடுதலோ அதுதான் மொழிப்பாடம். ஒரு பிள்ளை தமிழ் 62, இங்கிலீஷ் 71, கணிதம் 78, இயற்பியல் 69, வேதியியல் 70, கணினி அறிவியல் 84 என்று வாங்கியிருந்தால் மார்க் ஷீட்டில் 434 என்று இருக்கும், அதாவது 72.3 சதவீதம். வீட்டில் எல்லாரும் அதைப் பார்த்துத்தான் அழுவார்கள். ஜோசா கணக்கில் தமிழ் வெளியே போய்விடும். 372, அதாவது 74.4. குறைவது 3 மார்க்.

அந்த 3 மார்க்குக்கு என்ன செய்வது? ரிசல்ட் வந்ததும் விடைத்தாள் நகலுக்கு விண்ணப்பிக்க வேண்டும். கொடுக்கிற நாட்கள் மிகக் கொஞ்சம். நகலை வாங்கினால்தான் மறுமதிப்பீட்டுக்கே போக முடியும். நகல் கைக்கு வந்ததும் பாட ஆசிரியரை உட்கார வைத்து விடைக்குறிப்போடு வரி வரியாக ஒப்பிட வேண்டும். விட்டுப்போன கூட்டல், திருத்தாமல் தாண்டிய பக்கம், படிகளுக்குக் கொடுக்காத மார்க், இவைதான் கிடைக்கிற இடங்கள். இதை யாராவது அந்தப் பையனுக்குச் சொன்னார்களா? மைக் கொடுக்க ஆள் இருந்தது. விண்ணப்பம் போட்டுக் கொடுக்க ஆள் இல்லை.

75 வராவிட்டாலும் இன்னொரு வழி உண்டு, தன் தேர்வு வாரியத்தில் முதல் 20 பெர்சென்டைலுக்குள் வந்தால் போதும். அதற்கு எவ்வளவு மார்க் வேண்டும் என்பது பிரிவுக்குப் பிரிவு, வருடத்துக்கு வருடம் மாறும். பட்டியல் வந்த பிறகு பார்க்கலாம், அதுவரை அதை நம்பி மற்ற விண்ணப்பங்களை விட்டுவிடக் கூடாது. சிபிஎஸ்இ பிள்ளைகளுக்கு ஜூலையில் ஒரு பாடத்தில் மார்க் உயர்த்தும் தேர்வு இருக்கிறது, அதையும் கேட்டு வையுங்கள்.

"பிளஸ் டூவையே ஒழுங்கா எழுதாதவன் அங்க போய் என்ன படிப்பான்" என்று ஒருவர் கீழே எழுதத்தான் போகிறார். அவருக்கு இப்போதே சொல்லிவிடுகிறேன். 2013 முதல் 2016 வரை ஜேஇஇ மெயின் ரேங்குக்குப் பிளஸ் டூ மார்க்கையும் 40 சதவீத அளவுக்குச் சேர்த்துப் பார்த்தார்கள். 2017இல் அதைக் கைவிட்டார்கள். கொரோனா வருடங்களான 2020, 2021, 2022 மூன்றிலும் 75 நிபந்தனையையே தளர்த்தி, தேர்ச்சி போதும் என்றார்கள். அந்த வருடங்களில் சேர்ந்த பிள்ளைகளை யாரும் மேடையில் நிறுத்திக் கேள்வி கேட்கவில்லை.

இன்னும் நேராகக் கேட்கிறேன். அதே விழாவில் நீட் எழுதிய பிள்ளைகளுக்கும் சால்வை போட்டார்கள். 2017இலிருந்து நம் ஆசாரிப்பள்ளம் மருத்துவக் கல்லூரி உட்பட தமிழ்நாட்டில் எங்கேயும் எம்பிபிஎஸ் ரேங்க் நீட் மார்க்கில்தான். பிளஸ் டூவில் இயற்பியல், வேதியியல், உயிரியல் சேர்த்துப் பொதுப் பிரிவுக்கு 50 சதவீதமும், பிசி, எஸ்சி, எஸ்டி பிள்ளைகளுக்கு 40ம் இருந்தால் போதும். அந்தப் பிள்ளைகளிடம் யாராவது பிளஸ் டூ மார்க் கேட்டார்களா? கேட்கவில்லை. கேட்கவும் கூடாது. அந்த மரியாதை இவனுக்கு மட்டும் ஏன் இல்லை?

"காசு கொடுத்து கோச்சிங் போனவன்" என்பது அடுத்த பேச்சு. காசு பெரிய விஷயம்தான், மறுக்கவில்லை. குலசேகரத்தில் ரப்பர் பால் வெட்டுகிற வீட்டுப் பிள்ளைக்கும் திருவனந்தபுரத்தில் ஹாஸ்டலில் தங்கிப் படிக்கிற பிள்ளைக்கும் ஒரே வாய்ப்பு என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் பிளஸ் டூவுக்கு மட்டும் டியூஷன் இல்லையா? மார்த்தாண்டத்தில் சாயங்காலம் ஆறு மணிக்குத் தெருவில் நின்று பாருங்கள்.

கோச்சிங் பற்றிப் பேசுகிறவர்கள் உண்மையில் சொல்ல வேண்டியது வேறு. பிளஸ் ஒன், பிளஸ் டூ இரண்டையும் கேரளாவில் பாலாவிலோ திருவனந்தபுரத்திலோ சேர்த்துவிட்டால், என்ஐடியில் சொந்த மாநில ஒதுக்கீடு கேரளாவுக்குப் போய்விடும். பிளஸ் டூ எந்த மாநிலத்தில் தேர்ச்சி பெற்றோமோ அதுதான் கணக்கு. பிறந்தது தக்கலையாக இருந்தாலும், ரேஷன் கார்டு இரணியலில் இருந்தாலும், திருச்சி என்ஐடியின் பாதி இடங்களில் அவன் வெளிமாநிலத்துக்காரன், அவனுக்குச் சொந்த என்ஐடி கோழிக்கோடு. எல்லைக்குப் பக்கத்தில் இருக்கிற நமக்குத்தான் இது அதிகம் நடக்கிறது. சேர்க்கை நடக்கிற ஜூன் மாதத்தில் இதை யாரும் வாய் திறந்து சொல்வதில்லை.

"அண்ணா யுனிவர்சிட்டி இருக்கே" என்பார்கள். தமிழ்நாடு 2007இலிருந்து பொறியியலுக்கு நுழைவுத் தேர்வே வைக்கவில்லை. கணிதம் 100, இயற்பியல் 50, வேதியியல் 50, ஆக 200க்குக் கட்-ஆஃப். மேலே சொன்ன மார்க்குக்கு 147.5 வரும். ஜேஇஇ மார்க்கைப் போட அந்த விண்ணப்பத்தில் இடமே கிடையாது. கிராமத்துப் பிள்ளைகளுக்காக எடுத்த முடிவு அது, எனக்கு அதில் குறை இல்லை. ஆனால் இந்த வகைப் பிள்ளைக்குக் கிண்டி வாசல் திறக்காது என்பதை முன்னாலேயே தெரிந்துகொள்ள வேண்டும்.

திறக்கிற வாசல்கள் வேறு இருக்கின்றன, அதைத்தான் பள்ளிக்கூடங்கள் சொல்வதில்லை. அடிப்படை அறிவியல் சொல்லித்தருகிற மத்திய அரசின் ஐசர் கல்லூரிகளுக்கு ஐஏடி தேர்வு, பிளஸ் டூவில் 60 சதவீதம் போதும், எஸ்சி, எஸ்டிக்கு 55. நமக்குப் பக்கத்தில் விதுராவில் ஒரு ஐசர் இருக்கிறது. 60 கேள்வி, 240 மார்க், நான்கு பாடத்துக்கும் பதினைந்து பதினைந்து. உயிரியல் எடுக்காத பிள்ளைக்கு அந்த 60 மார்க்கில் அடி விழும், அதனால் டிசம்பரிலேயே பத்தாம் வகுப்பு உயிரியலையாவது தொட்டிருக்க வேண்டும். சிறுசேரியில் சென்னை கணிதவியல் கழகம் தன் நுழைவுத் தேர்வை வைத்து எடுக்கிறது. 2022இலிருந்து மத்தியப் பல்கலைக்கழகங்களுக்கு க்யூட் தேர்வு வந்துவிட்டது. திருவாரூரும் டெல்லி பல்கலைக்கழகமும் அதில்தான். டெல்லியில் பிளஸ் டூ மார்க்கைத் திரும்பப் பார்ப்பது பெரும்பாலும் இருவர் சமமாக வந்தால்தான். சென்னை ஐஐடியின் பிஎஸ் டேட்டா சயின்ஸ் படிப்புக்கு ஜேஇஇயே வேண்டாம், நான்கு வாரப் பாடம் படித்துத் தகுதித் தேர்வு எழுதினால் போதும். பிட்ஸ் பிலானி மட்டும் உதவாது. இயற்பியல், வேதியியல், கணிதம் மூன்றும் சேர்த்து 75, ஒவ்வொன்றிலும் 60 கேட்கிறார்கள்.

இதில் பெரும்பாலானவற்றுக்கு விண்ணப்பத் தேதி பிளஸ் டூ ரிசல்ட்டுக்கு முன்பே முடிந்துவிடுகிறது. மே மாதம் மார்க் ஷீட்டைப் பார்த்துவிட்டு வழி தேடினால் வழி இருக்காது. ஜனவரியில் அரையாண்டு மார்க்கை வைத்தே முடிவு செய்ய வேண்டும்.

"அமெரிக்காவுக்கு அனுப்பு, அங்க டெஸ்ட் மார்க் போதும்" என்று ஒருவர் அறிவுரை சொல்லியிருக்கிறார். அங்கே எம்ஐடி பல்கலைக்கழகம் 2022இல் எஸ்ஏடி என்கிற நுழைவுத் தேர்வை மறுபடி கட்டாயமாக்கியது உண்மை. ஆனால் அங்கே ஒன்பதாம் வகுப்பிலிருந்து நான்கு வருட மார்க்கையும் பள்ளியிலிருந்து கேட்டு வாங்கிப் பார்ப்பார்கள். எஸ்ஏடி அதை அழிக்காது.

பள்ளிக்கூடங்களிடமும் ஒன்று கேட்க வேண்டும். இயற்பியல், வேதியியலில் எழுத்துத் தேர்வு 70தான். செய்முறை 20, அகமதிப்பீடு 10. கணிதத்தில் அகமதிப்பீடு 10. வகுப்புக்கு அடிக்கடி வரவில்லை என்ற கோபத்தில் இதில் இரண்டிரண்டு குறைத்துப் போடுகிற பழக்கம் சில இடங்களில் இருக்கிறது. அப்படிக் குறைத்த மார்க்தான் 74க்கும் 75க்கும் இடையில் ஒரு பிள்ளையை நிறுத்துகிறது. பிறகு அதே பள்ளி, அதே பிள்ளையின் ஜேஇஇ பெர்சென்டைலை நாகர்கோவில் செட்டிகுளத்தில் ஃபிளெக்ஸ் அடித்து மாட்டுகிறது. அந்தப் படத்துக்கு அவன் வேண்டும், அகமதிப்பீட்டுக்கு வேண்டாமா?

2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டிலேயே எழுத்தறிவில் முதலிடம் நம் மாவட்டம், கிட்டத்தட்ட 92 சதவீதம். எல்லா மேடையிலும் இதைச் சொல்லிப் பெருமைப்படுகிறோம். அந்த மேடையிலேயே ஒரு பிள்ளை தலையைக் குனிந்து "நானூத்தி..." என்று ஆரம்பித்து நிறுத்தியதைப் பார்த்தபோது எனக்குத் தொண்டை அடைத்துவிட்டது. அவனுடைய அம்மா மூன்றாவது வரிசையில் இருந்தார். அவரைப் பற்றி யாராவது யோசித்தீர்களா? மார்க்கைக் கேட்டவர் இன்றுவரை ஒரு வார்த்தை வருத்தம் தெரிவிக்கவில்லை. "சும்மா தமாஷுக்குக் கேட்டேன்" என்று ஆள் மூலம் சொல்லி அனுப்பியிருக்கிறார்.

தமாஷ் வேண்டாம். ஜூன் மாதம் பிளஸ் ஒன் பெற்றோர் கூட்டம் வரும்போது, எந்தக் கல்லூரிக்குப் பிளஸ் டூவில் எவ்வளவு வேண்டும், எதைச் சேர்த்துக் கணக்கிடுவார்கள், எந்த மாதம் விண்ணப்பிக்க வேண்டும் என்று ஒரே தாளில் அச்சடித்து ஒவ்வொரு வீட்டுக்கும் கொடுங்கள். தாளை நான் எழுதித் தருகிறேன். அச்சுச் செலவை விழாக் கமிட்டி ஏற்கட்டும்.