போர்டு தெரிய வேண்டும்

பாட வீடியோக்களை மொபைலுக்கு அனுப்பும் ஒரு செயலியில் சில வருஷம் வேலை பார்த்தேன். அங்கே வந்த புகார்களில் ஒன்று இன்னும் மனசை விட்டுப் போகவில்லை. ஒரு பத்தாம் வகுப்பு மாணவி எழுதியிருந்தாள்: "சார் பேசுறது கேக்குது, போர்டுல எழுதுறது தெரியல." வீடியோ ஒரு இடத்தில்கூட நிற்கவில்லை. எங்கள் கணக்கில் அது வெற்றி, அவளுக்கோ அந்த வகுப்பே வீண்.

ஒரே வீடியோவை 144பி-யில் தொடங்கி 1080பி வரை பல தரங்களில் என்கோட் செய்து, அதாவது சுருக்கிப் பதிந்து, சில விநாடித் துண்டுகளாக நறுக்கி சர்வரில் வைப்பார்கள். முந்தின துண்டு எவ்வளவு வேகமாக இறங்கியது, பஃபரில், அதாவது முன்கூட்டியே இறக்கி வைத்ததில், எவ்வளவு மிச்சம் என்று பார்த்து, அடுத்த துண்டை எந்தத் தரத்தில் கேட்பது என போனில் உள்ள பிளேயரே முடிவு செய்யும். 2009-இல் ஆப்பிள் கொண்டுவந்த ஹெச்எல்எஸ் என்ற வீடியோ அனுப்பும் முறை இப்படித்தான் இயங்குகிறது. நல்ல ஏற்பாடு. ஆனால் சிக்னல் குறைந்தால் எல்லா வீடியோவுக்கும் ஒரே வைத்தியம்தான்: படத்தைச் சின்னதாக்கு.

கிரிக்கெட்டில் பந்து தடங்கலில்லாமல் ஓடினால் போதும், முகம் மங்கினாலும் பரவாயில்லை. பாடம் அப்படியே நேர்மாறு. சாரின் கையசைவை விநாடிக்கு 30 ஃப்ரேமில், அதாவது 30 படங்களாக, பார்த்து யாருக்கு என்ன ஆகப்போகிறது? 5 ஃப்ரேம் போதும். மிச்சமாகும் டேட்டாவை எழுத்துக்குக் கொடுக்கலாம். செய்து பார்த்தேன்: சுமார் 300 கேபிபிஎஸ்ஸில் (விநாடிக்கு 300 கிலோபிட் டேட்டா), 720பி-யில், எக்ஸ் ஸ்கொயரின் அந்தக் குட்டி 2 வரை படிக்க முடிந்தது. இந்த வேகத்தில் ஒரு மணி நேரப் பாடத்துக்கு 135 எம்பிதான் செலவாகும். பத்து மடங்கான 3 எம்பிபிஎஸ்ஸில் பார்த்தால் 1.35 ஜிபி. ஒரு நாளைக்கு 1.5 ஜிபி பேக் போட்டு, அண்ணனும் தங்கையும் ஒரே போனில் படிக்கிற வீட்டில் இது எவ்வளவு பெரிய வித்தியாசம்!

இது என் கண்டுபிடிப்பு இல்லை. படத்துக்குப் படம் பிட்ரேட் ஏணி (எந்தத் தரத்துக்கு விநாடிக்கு எவ்வளவு டேட்டா என்ற பட்டியல்) வேறாக இருக்க வேண்டும் என்று நெட்ஃப்ளிக்ஸ் 2015-லேயே மாற்றிக்கொண்டது. கார்ட்டூனுக்கும் சண்டைப் படத்துக்கும் ஒரே அளவு எதற்கு என்பதுதான் அவர்களும் கேட்ட கேள்வி.

எங்கள் மீட்டிங்கில் இதைச் சொன்னபோது, கூடுதல் என்கோடிங் செலவு என்று தள்ளிவிட்டார்கள். என்கோட் செய்வது ஒரு தடவை. பார்க்கப்போவது எத்தனை பிள்ளைகள்! அந்தக் கோபம் எனக்கு இன்னும் ஆறவில்லை.

பாடச் செயலி செய்கிறவர்கள் யாராவது இதைப் படித்தால் ஒரு வேண்டுகோள். அடுத்த பாடத்தை வெளியிடுவதற்கு முன், வைஃபையை அணைத்துவிட்டு, ஒரு சின்ன போனில், உங்கள் வீடியோவை ஆகக் குறைந்த தரத்தில் போட்டு போர்டைப் படித்துப் பாருங்கள்.